தரையைத் தொடாத தூண்

மேசன் குணசிங்கத்தார் முதலில் கேட்டது,
"உள்ளுக்கு என்ன சாமி?"
எட்டடிக்கு எட்டடி அறை, நடுவில் ஒரு தூண்,
மேலே சில்லில் ஓடித் திறக்கிற தகரக் கூரை.
கேட்டதில் பிழையில்லை.
நீர்வேலியில் வளவுக்குள் இப்படியொன்று கட்டினால்
வைரவருக்குத்தான் கட்டுவார்கள்.

தொலைநோக்கி என்றேன்.
"தூக்கிக்கொண்டு வந்து வைச்சுப் பாக்கலாம்தானே?"
நாலு வருஷம் அப்படித்தான்.
முக்காலியை மட்டம் வைத்து, வடக்குப் பிடித்து,
வயர்களைக் கொழுவி நிமிர
முகில் வந்துவிடும்.
விடிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே அறை.
யாரோ ஒருவரின் முறிந்த முழங்கையிடம்
அசையாதேங்கோ, அசையாதேங்கோ என்று
நித்திரைக் கண்ணோடு சொல்லிக்கொண்டிருப்பேன்.

முதல் குழி வாழைப் பாத்திக்குப் பக்கத்தில்.
இரண்டடியில் அலவாங்கு சும்மா இறங்கியது.
மூன்றடியில் உக்கின உரப்பை நார்,
பிறகு ஒரு பனங்குற்றி.
குணசிங்கத்தார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
வானம் எங்களைப் பார்க்காதிருக்க
அப்பா ஒரே இரவில் வெட்டியது அது.
மூடியபின் மேலே கத்தரி நட்டோம்,
நல்லாய்க் காய்த்தது.
"மூடின மண்ணிலை தூண் நிக்காது பிள்ளை.
அஞ்சடி தள்ளுவம்."
தள்ளினோம்.
அங்கே அலவாங்கு பொறி பறக்கச்
சுண்ணக்கல்லில் முட்டியது.

தூணைச் சுற்றி ஒரு விரலிடை வெளி.
அறையின் தரை தூணைத் தொடக்கூடாது.
படம் கீறியே கொடுத்திருந்தேன்.
வேலையால் வந்து பார்த்தால்
வெளியைச் சீமெந்தால் நிரப்பி
வழுவழுவென்று மினுக்கியிருந்தார்.
"கவனிக்காமல் விட்டிட்டியள்,
நான் அடைச்சுவிட்டன். அதுக்குக் காசு வேண்டாம்."

அந்தக் காசில்லாத வேலையைக் கொத்தியெடுக்க
எனக்கு இரண்டு ஞாயிறு போனது.
அவரிடம் சொல்லவில்லை.
நான் காலை எடுத்து வைப்பது
தூணுக்குத் தெரியக்கூடாது என்பதை
ஒரு மேசனிடம் எப்படிச் சொல்வது?

கூரைக்குச் சில்லும் தண்டவாளமும்
குருநகர் எட்வேட்டின் பட்டறையில்.
படலைக்கு வாங்குகிற அதே சில்லு.
"உப்புக்காத்து. வருஷம் ஒருக்காப் பெயின்ற் அடிக்காட்டி
என்னைக் குறை சொல்லக்கூடாது."

துருவ நட்சத்திரம் எங்களூரில் மெத்தப் பணிவு.
ஒன்பதரைப் பாகைதான்,
வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கிற உயரம்.
அந்த உயரத்தில் பரிமளக்காவின் முருங்கை.
"காய் முடியட்டும்" என்றா.
மூன்று மாதம் வடக்கில்லாமல் இருந்தேன்.
வெட்டிய அன்று
ஒரு கட்டு முருங்கையிலையும் வேலியால் வந்தது.

மிச்சக் காசுக்குக் குணசிங்கத்தார் வந்தது
மாரி முடிந்த ஒரு கிழமையில், இருட்டினபிறகு.
கூரை மேற்கே ஓடிப்போயிருந்தது.
"என்ன தெரியுது?"
"சனி."
கதவில் வைத்த கையை எடுத்துவிட்டார்.
"எனக்கு ஏழரை நடக்குது.
அவர் என்னைப் பாக்கிறது காணாதெண்டு
நானும் வலியப் போய் அவரைப் பாக்கிறதோ?"
சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரிக்கிறவர்.
கொஞ்சநேரம் வாசலில் நின்றார்.
பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வந்து குனிந்தார்.

நுளம்பு கடித்தது. அவர் அடிக்கவில்லை.
"வளையம் தொடேல்லை" என்றார் கடைசியில்.
"சுத்திவர வெளி விட்டிருக்கு."

நிமிர்ந்து, ரோச் லைற்றைத் தூணடியில் பிடித்தார்.
கொத்தின விளிம்பு பல்லுப்பல்லாய்த் தெரிந்தது.
"ஆர் கொத்தினது?"
"நான்தான்."
"எனக்குச் சொல்லியிருக்கலாம்.
இதென்ன, எலி அரிச்ச மாதிரி."

பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார்.
"நீங்கள் பாருங்கோ. நான் ஒருக்காக் குதிக்கிறன்."
கண்ணை வைத்தேன்.
எனக்குப் பின்னால் அறுபத்திரண்டு வயது
தரையில் தொம்மென்று விழுந்தது.
பரிமளக்கா வீட்டு நாய் குலைத்தது.
சனி அசையவில்லை.
"இன்னொருக்கா" என்றார்.